கொடியேறுமுன் தேற வேண்டிய மூன்று பன்றிகள்

ஆடி 5, செவ்வாய்

சோளகம், தென்மேற்குக் காற்று. விடியத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. வாழையிலை எல்லாம் கிழிந்து நார். கண்ணுக்குள் மண், சோற்றுக்குள் மண்.

கொந்தராத்துக்காரர் அந்தோனிப்பிள்ளை வந்தார். பட்டாளக் காம்புக்கு இறைச்சி கொடுக்கிறவர். லொறியை ஒழுங்கையில் விட்டுவிட்டு வாழைத்தோட்டத்துக்குள் வந்து மூன்று பன்றிகளையும் பார்த்தார். முதுகைத் தடவினார். முள்ளந்தண்டு அவர் கையில் தட்டுப்பட்டதை நானே கண்டேன்.

"என்ன தங்கச்சி, உதுகளுக்குச் சாப்பாடு குடுக்கிறனீங்களோ, இல்லை கதைதான் சொல்லுறனீங்களோ?"

"நேரத்துக்கு நேரம் குடுக்கிறன்."

"அப்ப திண்டதெல்லாம் எங்கை போகுது? வெள்ளைக்காரன் எலும்பு கேக்கேல்லை. கொடியேத்தத்துக்கு முதல் நாள் இந்தப் பக்கம் அடுத்த லொறி வரும். தேறியிருந்தால் ஏத்துறன். இல்லாட்டில் என்னைக் குறை சொல்லாதேங்கோ."

போகும்போது ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தந்தார். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், நெஞ்சின் சுற்று அந்த முடிச்சு வரை எட்ட வேண்டும். பிடித்துப் பார்த்தேன். மூன்றுக்கும் எட்டவில்லை. சின்னனுக்குக் கிட்டவும் இல்லை.

கோயில் மனேச்சர் நேற்றுச் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி வைக்கிறேன், பிறகு கந்தையா அத்தான் மாற்றிச் சொல்வார்: "கொடி ஏற முதல் பண்டியள் தோட்டத்தை விட்டுப் போகவேணும். வேலிக்கு அங்காலை சுவாமி வீதி சுத்துறது. ஐந்தாந் திருவிழா உங்கடை. நீங்கள் செய்தால் உன்ரை மனுசன்ரை பேர் சொல்லுவம். செய்ய ஏலாட்டில் கந்தையா செய்யட்டும்."

க. அத்தான் பக்கத்தில் நின்றார். என் புருசனின் பெரியப்பா மகன். "தம்பி வந்தால் திருப்பிக் குடுக்கிறன்தானே. ஆனால் ஐயா, ஆள் இருக்கிறானோ இல்லையோ தெரியாமல் சங்கற்பத்திலை பேர் சொல்லுறது சரியோ?"

வந்தால். அந்தச் சொல்லை அவர் வாய்க்குள் திருப்பித் தள்ள வேண்டும் போல் இருந்தது. மாமி வீட்டுக்கு வந்து விளக்கை மூன்று முறை துடைத்தா.

மாமியின் மகன், என் புருசன், மலாயாவில் ரெயில்வே கிளாக்கர். யுத்தம் அந்தப் பக்கம் போனதிலிருந்து கடிதம் இல்லை, மணியோடர் இல்லை. திருவிழாச் செலவுக்கு என்னிடம் இருப்பது இந்த மூன்று பன்றிகள்தான். சுவாமிக்கும் தெரியும், மனேச்சருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.


ஆடி 8, வெள்ளி

ஆடி வெள்ளி. மாமிக்கும் எனக்கும் ஒரு நேரச் சாப்பாடு. அடுப்பு ஒருதரம்தான் எரிந்தது, ஆகவே கழுநீர் இல்லை, கஞ்சி இல்லை, காய்கறித் தோலும் கொஞ்சம். பன்றிகளும் விரதம்.

இது இன்றுதான் மூளைக்குள் வந்தது. வெள்ளிக்கு வெள்ளி, பிரதோஷம், சதுர்த்தி, சஷ்டி, எல்லாவற்றுக்கும் எங்களோடு சேர்ந்து அதுகளும் வயிறு காய்ந்திருக்கின்றன. உலகத்தில் வேறு எங்கே பன்றி சஷ்டி பிடிக்கும்! தனியே சிரித்தேன். பிறகு கயிற்றைப் பார்த்தேன், சிரிப்புப் போய்விட்டது.

இனிச் செய்ய வேண்டியவை:
மரவள்ளி தனியாக அவிப்பது. பச்சையாக ஒரு தோல்கூடப் போடக்கூடாது, நஞ்சு.
தவிடு. கூட்டுறவுச் சங்கக் கடையில் வரிசையில் முதலில் நிற்க வேண்டும்.
வாழைத்தண்டு பொடியாக வெட்டிப் போடுவது. வயிறு நிரம்பும், சதை வராது, இருந்தாலும்.
எள்ளுப் புண்ணாக்கு கிடைத்தால்.
மாமிக்குத் தலைக்கு நல்லெண்ணெய்.

தபால்காரன் சைக்கிள் மணி. ஓடினேன். கடிதம் மேலை வளவு வாத்தியாருக்கு.


ஆடி 11, திங்கள்

வெக்கை. காற்று இருந்தும் வெக்கை. மத்தியானம் வைத்தது அப்படியே கிடக்கிறது, ஈ மொய்க்கிறது. மூன்றும் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. பன்றிக்கு வேர்க்காது என்று பள்ளிக்கூட விடுதியில் சமையற்காரி சொல்லுவா, அங்கே பின்வளவில் ஆறேழு நின்றன. அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். இப்போது அவ ஒருக்கால் வந்து என் முன்னால் நின்றால் காலில் விழுவேன்.

தண்ணீர் இறைத்து ஊற்றினேன். கிணற்றுத் துலாவில் ஏறி மிதிக்க ஆளில்லை, முன்பு வேலைக்கு நின்றவன் காம்பில் கூலிக்குப் போய்விட்டான். கையால்தான். வாழை வாய்க்காலை வெட்டித் திருப்பி ஒரு சேற்றுக் குழி ஆக்கினேன். இறங்கிப் படுத்துக்கொண்டன. கறுப்பி மட்டும் ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. கை கொப்பளம்.

இனி வெயில் ஏறமுன் ஒரு தரம், வெயில் தாழ்ந்த பிறகு ஒரு தரம். மத்தியானம் தண்ணீர் மட்டும்.

இன்னொன்று: பெரியான் தொட்டிக்குள் குறுக்கே நின்று தின்கிறான், சின்னனைக் கிட்ட விடுவதில்லை. நடுவில் பனைமட்டையால் ஒரு தடுப்புக் கட்டினேன். சின்னன் தனியே நின்று சாப்பிடத் தெரியாமல் தடுப்புக்கு மேலால் பெரியானைப் பார்க்கிறான். அடி வாங்கி வாங்கிப் பழகினவன். பின்னால் தட்டிச் சாப்பிட வைத்தேன்.

இருப்புக் கொள்ளவில்லை. வாழைக்கும் கிணற்றுக்கும் படலைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். மாமி: "ஏன் பிள்ளை காலிலை சில்லுப் பூட்டினமாதிரித் திரியிறாய்?"


ஆடி 15, வெள்ளி

கயிறு பிடித்தேன். பெரியான், கறுப்பி கொஞ்சம். சின்னன் இல்லவே இல்லை. இத்தனை அவித்து, இத்தனை இறைத்து.

மீன் விற்கும் மதலேனாள் ஒழுங்கையால் போனா. எங்கள் படலையில் நிற்பதில்லை, நாங்கள் வாங்குவதில்லை. ஆனால் குட்டிகளை வாழைக்குலைக்கு மாற்றாகத் தந்தவ அவதான், அதனால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"தங்கச்சி, என்ரை பண்டியளைச் சைவமாக்கிப் போட்டியளோ?"

சிரித்துக்கொண்டே போய்விட்டா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுதிப் பன்றிகள் ஏன் உருண்டு திரண்டு நின்றன என்று எனக்குத் தெரியாதா? மீன் தலையும் குடலும் முள்ளும் ஒன்றாய்க் கொதிக்க வைத்து ஊற்றுவார்கள். தெரியும். முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டு தவிட்டையும் தண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், மாமியிடம் கேட்கப் பயத்தில்.

கேட்க வேண்டும். நாளைக்கு.


ஆடி 19, செவ்வாய்

நாளைக்கு நாளைக்கு என்று இன்றைக்குத்தான் கேட்டேன். மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

"மாமி, பண்டியளுக்குக் கொஞ்சம் மீன் கழிவு அவிச்சுப் போட்டால்தான் தேறும். தோட்டத்துக் கடைசியிலை, தனிச்சட்டி, தனி அடுப்பு. வீட்டுப் பக்கம் கொண்டு வரமாட்டன்."

கீரை கையில் அப்படியே நின்றது.

"மச்சம் இந்தப் படலையைத் தாண்டினால் நான் இந்த வீட்டிலை பச்சைத் தண்ணி குடிக்கமாட்டன்."

"பண்டியே நிக்குது மாமி."

"பண்டி உயிரோடை நிக்குது. அது அதின்ரை பாட்டிலை நிக்குது. மச்சம் வேறை."

"தேறாட்டில் லொறி ஏத்தாது. ஏத்தாட்டில் ஐந்தாந் திருவிழா கந்தையா அத்தானுக்கு."

"திருவிழாவுக்கு மச்சம் அவிக்கிறதோ? கேக்கிற ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"கேக்கிற ஆக்கள் திருவிழாவைப் பறிக்கத்தானே நிக்கினம்!"

கத்திவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்து மாமி முன்னால் முதல் தரம் கத்தியது. மாமி எழும்பி உள்ளே போனா. கீரையை நான் ஆய்ந்தேன், பாதி நல்ல இலையைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

இரவு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. பன்றிகள் சாப்பிட்டன.


ஆடி 20, புதன்

மாமி பேசவில்லை. "உப்பு எங்கை?" என்று சுவரைக் கேட்டா. நான் சுவருக்குப் பதில் சொன்னேன்.

பனம்பழம் விழத் தொடங்கிவிட்டது. காற்றுக்கு ஒன்றன்மேல் ஒன்றாய்த் தொம் தொம் என்று. விடிய எழும்பிப் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டேன். மூன்றும் மூக்கெல்லாம் மஞ்சள். தும்பைச் சப்பிச் சப்பி விடுகின்றன. இதில் சதை வருமோ தெரியாது, அதுகளுக்குச் சந்தோசம்.


ஆடி 24, ஞாயிறு

உடுப்பிட்டியிலிருந்து அண்ணை வந்தார். சைக்கிளில், இந்தக் காற்றுக்குள். பன்றிக் கொட்டில் பக்கம் வரவில்லை.

"நீ வீட்டை வா. மாமியையும் கூட்டிக்கொண்டு வா. ஒரு வருசம் திருவிழாவைக் கந்தையா செய்தால் என்ன குறைஞ்சு போகும்?"

"அவற்றை பேர் சொல்லுப்படாமல் போகும்."

"பேர் சொல்லாட்டில் ஆள் இல்லையெண்டோ?"

"ஊர் அப்பிடித்தான் விளங்கும். ஐயர் வேறை பேர் சொல்லுற அண்டைக்கு என்னை எல்லாரும் ஒரு மாதிரிப் பாப்பினம். அதுக்குப் பிறகு நான் பொட்டு வைச்சாலும் பாப்பினம், வைக்காட்டிலும் பாப்பினம்."

அண்ணை தேத்தண்ணி குடித்தார். போகும்போது ஒரு சாக்கு எள்ளுப் புண்ணாக்கை இறக்கி வைத்துவிட்டுப் போனார். சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வந்ததும் ஏன் சொல்லவில்லை? அண்ணை அப்படித்தான்.

அவர் இருக்கிறார். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் தெரியாது.


ஆடி 27, புதன்

கயிறு! கறுப்பிக்கு முடிச்சுக்கு அரைவிரல்தான் பாக்கி. பெரியான் கிட்டத்தட்ட. சின்னன்கூட ஏறியிருக்கிறான், வாலில் ஒரு சுருள் வந்திருக்கிறது. மயிர் பளபள. மூன்று தரம் பிடித்துப் பார்த்தேன், கயிறு சுருங்கி விட்டதோ என்று சந்தேகம்.

புண்ணாக்கோ? பனம்பழமோ? சேற்றுக் குழியோ? தடுப்போ? எதுவாயினும் சரி. அண்ணைக்குத்தான் முதல் நன்றி.

ஓடி வந்து மாமியிடம் சொன்னேன். "ம்" என்றா. அவ்வளவுதான். இப்போது சுவரோடு அல்ல, என்னோடுதான் பேசுகிறா, ஆனால் ம் மட்டும்.

மாமி ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறா. மத்தியானத்திலும் தலை முழுகுகிறா. ஈரத் தலையோடு வெளியில் நின்று காய்கிறா, சுவாமி அறைக்குள் போவதில்லை, வாசலில் நின்றே கும்பிடுகிறா. என்ன நேர்த்தி என்று கேட்டேன். "நேர்த்தியை வெளியிலை சொல்லுறதோ?"

தபால் இல்லை.


ஆவணி 1, திங்கள்

என்ன எழுதுவது. நேராக எழுதுகிறேன்.

சங்கக் கடைக்குத் தவிட்டுக்குப் போனேன். கடை பூட்டு, சாமான் வரவில்லையாம். நினைத்ததை விட வேகமாய்த் திரும்பிவிட்டேன். பின் வேலியில் ஆள் நுழையும் கண்டாயத்தால் தோட்டத்துக்குள் புகுந்தேன், அதுதான் குறுக்கு வழி. நாற்றம். மீன் கொதிக்கிற நாற்றம். விடுதிப் பின்வளவே எழும்பி வந்த மாதிரி. மதலேனாள் கேளாமல் உள்ளே வந்துவிட்டாவாக்கும், மாமி கண்டால் இன்றோடு சரி என்று ஓடினேன்.

வாழைக்குள் ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரம், மூன்று கல்லு, நெருப்பு. மாமி குந்தியிருக்கிறா. பழைய சீலைத்துண்டால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, நீளத் தடி ஒன்றால் துழாவுகிறா. இந்த மனுசி வேறு வீட்டில் மீன் காய்ந்தால் அந்தப் பக்கத்து யன்னலைச் சாத்துகிறவ.

ஓங்காளித்தா. எழும்பிப் போய் ஒரு வாழையைப் பிடித்துக்கொண்டு நின்றா. திரும்பி வந்து துழாவினா. ஆறினதை அகப்பையால் அள்ளித் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டு பன்றிகளோடு கதைத்தா:

"தின்னுங்கோ, மூதேசியள். தின்னுங்கோ. என்ரை பிள்ளையின்ரை பேர் கோயிலிலை கேக்க வேணும். பாவம் வந்தால் எனக்கு வரட்டும், அவளுக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம். டேய் பெரியவனே, தள்ளு, உந்தச் சின்னனுக்கு விடு."

தடியால் பெரியானைத் தள்ளினா.

நான் சத்தம் போடாமல் பின்னுக்கு வந்து, வேலிக்கு வெளியே ஒழுங்கையில் இருந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கண்ணைத் துடைத்து, முன் படலையைப் படார் என்று அடித்துச் சாத்தி, "மாமி, கடை பூட்டு!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன். கிணற்றடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.


ஆவணி 4, வியாழன்

நான் அறிந்ததாக மாமிக்குக் காட்டவில்லை. செய்கிறது இவ்வளவுதான்: விடிய அந்த மூன்று கல்லுக்கும் பக்கத்தில் எரிக்கக் காய்ந்த பனை ஊமல் கொஞ்சம், பன்னாடை கொஞ்சம், தற்செயலாய்க் குவித்துவிட்ட மாதிரிப் போடுவது. மத்தியானம் ஏதாவது சாட்டுச் சொல்லி வெளியில் போவது. இன்று சாட்டு: சுண்ணாம்பு. நேற்று: சுண்ணாம்பு. நாளைக்கு வேறு யோசிக்க வேண்டும்.

மாமிக்கும் விளங்கியிருக்குமோ? "இந்த வீட்டிலை வெத்திலை போட ஆளில்லை, இவ்வளவு சுண்ணாம்பு என்னத்துக்கு?" என்று கேட்டா. முகத்தில் ஒன்றும் இல்லை.

மதலேனாள் ஒழுங்கையில் என்னைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்தா. சிரிப்பை அடக்குகிறா. நல்ல மனுசி, வாய் திறக்கவில்லை.

பெரியான் முடிச்சைத் தாண்டிவிட்டான். கறுப்பியும். சின்னன் இன்னும் ஒரு விரல். ஒரே ஒரு விரல்! நித்திரை இல்லை. அதுகளின் உறுமல் கேட்கிறது, கேட்காவிட்டால் இன்னும் பயம்.


ஆவணி 8, திங்கள்

நாளைக்குக் கொடி. காற்று விழுந்துவிட்டது. லொறி வருமோ வராதோ என்று விடிய முதல் ஒழுங்கைக்கும் வீட்டுக்கும் நடை. க. அத்தான் தன் படலையில் நின்று பல் விளக்கிக்கொண்டு பார்த்தார். இவ்வளவு நேரம் பல் விளக்கினால் பல் மிஞ்சாது.

வந்தது. அந்தோனிப்பிள்ளை பெரியானின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அடேயப்பா! என்ன மந்திரம் போட்டனீங்கள், தங்கச்சி?"

"புண்ணாக்கு" என்றேன்.

இரண்டையும் ஏற்றியாயிற்று. சின்னனுக்குக் கயிறு பிடித்தார். முடிச்சைத் தொட்டும் தொடாமலும்.

"இவன் காணாது. இன்னும் ஒரு மாதம் வைச்சிருங்கோ."

ஒரு மாதம்! நாளைக்குக் கொடி. மனேச்சர் சொன்னது அந்தோனிப்பிள்ளைக்கு எங்கே தெரியும். அப்போது பின்னால் மாமியின் சத்தம். பன்றி வந்த நாளிலிருந்து கொட்டில் பக்கம் வராதவ என்று ஊர் நம்புகிற மாமி, நேரே வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றா.

"தம்பி, அவன் வெருண்டு உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிக்கிறான். எப்பவும் அப்பிடித்தான், புது ஆளைக் கண்டால். கொஞ்சம் பொறுத்துப் பிடியுங்கோ."

சின்னன் மாமியின் குரல் கேட்டதும் காதை ஆட்டிக்கொண்டு அவவிடம் போய்ச் சீலையை முகர்ந்தான். மாமி விலகவில்லை. அந்தோனிப்பிள்ளை திரும்பக் கயிறு பிடித்தார். முடிச்சு எட்டியது.

மூன்றும் போய்விட்டன. லொறி ஒழுங்கையால் திரும்பும்வரை சின்னன் கத்தினான். மாமி சாணகத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து கொட்டில் எல்லாம் தெளித்தா, தகரத்தை மண்ணுக்குள் தாட்டா. நான் கிட்டப் போகவில்லை. மாமியின் முதுகு குலுங்கியது.


ஆவணி 13, சனி

ஐந்தாந் திருவிழா. மேளம், பூ, அபிஷேகச் சாமான், எல்லாம் குறைவில்லாமல். பன்றி என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. பிரசாதத்துக்கு மட்டும் முண்டியடித்தார்கள், க. அத்தான் இரண்டு தரம் வாங்கினார்.

சங்கற்பத்துக்கு ஐயர் தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பேர், நட்சத்திரம்?"

மாமிதான் சொல்ல வேண்டும். புருசன் பெயரை நான் வாயால் சொல்லிப் பழகவில்லை, எங்கள் பக்கத்தில் ஒருத்தியும் சொல்லுவதில்லை. இந்தக் கொப்பியில்கூட எழுதியதில்லை. மாமி வாயைத் திறந்தா. சத்தம் வரவில்லை. திரும்பத் திறந்தா, உதடு மட்டும் ஆடுகிறது. ஐயர் காத்து நிற்கிறார். எனக்குப் பின்னால் க. அத்தான் தொண்டையைச் செருமினார்.

"இராசரத்தினம்," என்றேன். "பூச நட்சத்திரம்."

நினைத்ததைவிடப் பெரிய சத்தமாய் வந்துவிட்டது. மேளகாரர்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி "சிவ சிவா" என்றா. ஐயர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு சொல்லத் தொடங்கினார். இராசரத்தினம். கோயில் முழுக்கக் கேட்டது.

மாமி என் கையைப் பிடித்தா. கையெல்லாம் நெருப்புச் சுட்ட தழும்பு. விடவே இல்லை.


ஆவணி 14, ஞாயிறு

மப்பு மந்தாரம். சோளகம் இனி இல்லை என்கிறார்கள். வெறும் கொட்டில், வெறும் தொட்டி. பழக்கத்தில் கழுநீரை வாளியில் எடுத்துக்கொண்டு பாதித் தூரம் போய்விட்டேன்.

தபால்காரன் வந்தான், போனான். இன்று நான் எழும்பவில்லை.

மத்தியானம் மாமி வாசலில் இருந்து சீலை தைத்துக்கொண்டு, தலை நிமிராமல்:

"பிள்ளை, மதலேனாளுக்குச் சொல்லிப் போட்டன். கொடி இறங்கினாப் பிறகு மூண்டு குட்டி கொண்டு வருவாள்."

"என்னத்துக்கு மாமி?"

"வாற வருசமும் ஐந்தாந் திருவிழா வருமெல்லே."

ஊசியில் நூல் கோக்கத் தந்தா. கண் தெரியவில்லையாம். எனக்கும் தெரியவில்லை. வாற வருசமும் அவர் வரமாட்டார் என்று மாமி நினைத்துவிட்டா. பெயர் மட்டும் வரும் என்று நினைத்துவிட்டா.

நூலைக் கோத்துக் கொடுத்தேன். சேற்றுக் குழியை மூடாமல் விட வேண்டும்.